தீர்த்தம் பட்ட தையல் மெஷின்

செலினக்காவின் தையல் மெஷின் விவகாரத்தில் என் தப்பும் ஒன்று உண்டு. அதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. முருகம்மாள் சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால், கூட நாலு சேர்த்துத்தான் சொல்லுவாள்.

என் பெயர் ஜெபஷீலா. கூடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதாரில் பெயர் திருத்த, பட்டாவுக்கு எழுதிப் போட, பிள்ளைகளின் ரிசல்ட் பார்க்க, கரண்ட் பில் கட்ட என்று பாதி ஊர் என் கடைப் படியேறும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். என் வீட்டுக்காரர் விஜய்ராஜிடம் கேட்டால் அந்தக் ‘கொஞ்சத்தை’ எடுத்துவிடச் சொல்லுவார்.

செலினக்காவுக்கு நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருடமாகக் காலை ஐந்தரை மணிக்கு ஜீப் ஏறுகிறவள். லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளி தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத் தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கடை வாசலில் வந்து இறங்குவாள். அந்த ஜீப்பில் மொத்தம் பதினோரு பெண்கள். டிரைவர் அஜய்குமாரைச் சேர்க்கவில்லை. எப்படி உட்கார்கிறார்கள் என்று கேட்காதீர்கள், செக்போஸ்டில்கூட யாரும் கேட்பதில்லை.

இரண்டு வருடமாக அவளுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடப்பாள். “மலை ஏறுறதுகூட ஏறிருவேன் ஷீலா. இறங்குறதுதான் முடியல” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மெஷினில் ரவிக்கை தைப்பாள். தையல் சுத்தமாக இருக்கும். ஆனால் இப்போது கலியாணப் பெண்களுக்கு வெறும் ரவிக்கை போதுமா? கையில் மயில், முதுகில் தாமரை, ஓரமெல்லாம் பூவேலை. அதற்கு எம்பிராய்டரி மெஷின் வேண்டும். ஒரு மெஷின் வந்துவிட்டால் ஜீப்பை விட்டு இறங்கிவிடலாம். அவளுடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு சீட்டு நடத்துகிறார்கள். நாற்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு, தலைவி முருகம்மாள். அந்தச் சீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டுப் பணத்தில் என்ன வாங்கினாலும், பெட்டியைப் பதினோரு பேர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். முன்பு ஒருத்தியின் புருஷன் பழைய மிக்சியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிவிட்டு, பணத்தை வேறு வழியில் கரைத்துவிட்டான். அன்றைக்கு முருகம்மாள் போட்ட சட்டம் இது. மீறினால் அடுத்த சீட்டில் கடைசி ஆளாகத்தான் பணம். அதைவிட, ஜீப்பில் ஒரு மாதத்துக்கு அதே பேச்சாக ஓடும். அதுதான் பெரிய தண்டனை.

செலினக்கா வீட்டில் இன்னொரு பழக்கம். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். புதுப் பொருள் எது வந்தாலும் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் உபயோகத்துக்கு எடுப்பார்கள். நான் சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டண்ட் பக்கம். எங்களுக்கு இதெல்லாம் கிடையாது. ஜெபம் பண்ணிவிட்டு சுவிட்சைப் போட்டுவிடுவோம். இதை வைத்து அவளை நான் வருடக்கணக்காகக் கேலி செய்து வந்திருக்கிறேன்.

அதிலும் இப்போது பங்குக் கோயிலில் இருக்கும் ஃபாதர் ஆண்டனி ராஜ் தெளிக்கிற தெளிப்பு ஊரறிந்தது. கடமலைக்குண்டுப் பக்கத்துக்காரர், வாலிப வயது, நல்ல கை வீச்சு. வேப்பங்கொத்தை வாளியில் முக்கி எடுத்து வீசினால் மூன்றாவது வரிசை வரைக்கும் நனையும். புது ஆட்டோவை மந்திரித்தால் அன்றைக்கு வாட்டர் சர்வீஸ் காசு மிச்சம் என்று அஜய்குமார் சொல்லுவான்.

செலினக்காவுக்குச் சீட்டு விழுந்தது ஆடி மாதம். போனில் ஒரு விளம்பரம் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவனுக்கு அதுவும் விளம்பரமாகிவிடும். நான்தான் பணம் கட்டிக் கொடுத்தேன். கட்டிய ஆப்பில் ‘வாங்குபவர் பாதுகாப்பு’ என்று போட்டிருந்தது. சாமான் சரியில்லை என்றால் நாற்பத்தைந்து நாளுக்குள் புகார் செய்யலாம். இரண்டு பக்கத்தையும் விசாரித்துவிட்டு, நியாயம் நம் பக்கம் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். “பயப்படாதீக அக்கா, இந்தா பாதுகாப்பு போட்ருக்கு” என்று பெரிய இவளாட்டம் விரலால் தொட்டுக் காட்டினேன்.

பெட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. மறுநாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பதினோரு பேரும் கூடினார்கள். முருகம்மாள் முதலான நாலைந்து பேர் கோயிலுக்குப் போகிற ஆட்கள் இல்லை. ஆனாலும் சீட்டுச் சட்டம் என்பதால் குளித்து முழுகி வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நிற்க அஜய்குமார் போட்டோ எடுத்தான். பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க மேல் மூடியையும் திறந்து வைத்தார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லி, கொத்தை முக்கி, வழக்கம்போல வஞ்சனை இல்லாமல் வீசினார். பிறகு அவரே சுவிட்சைப் போட்டார். திரையில் விளக்கு எரிந்தது. ஊசி ஒரு தடவை இறங்கி, ‘டக்’கென்று நின்றுவிட்டது. திரையில் ஏதோ நம்பர் மின்னியது. அவ்வளவுதான்.

எல்லோருடைய கண்ணும் முதலில் மெஷினைப் பார்த்தது. பிறகு மெதுவாக வேப்பங்கொத்தைப் பார்த்தது. ஃபாதர் கொத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். செலினக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஏமாற்றம் தாங்காமல்தான் குனிகிறாள் என்று நினைத்தேன்.

கம்பெனிக்குப் போன் அடித்துப் பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். மெஷினைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் உண்டாம், ஈரம் பட்டால் சிவந்துவிடுமாம். அது செக்கச்செவேலென்று இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு, விசாரிக்க வந்து நின்ற ஃபாதரிடமே “தண்ணி பட்டுச்சுங்களா?” என்று கேட்டிருக்கிறான். அந்த மனிதருக்குப் பொய் வருமா? “நல்லாத்தான் தெளிச்சேன் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: திரவச் சேதம், உத்தரவாதத்தில் அடங்காது, பணம் திருப்பித் தர இயலாது, தங்கள் பொறுமைக்கு நன்றி.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் என்னைக் கிளப்பிவிட்டன. யாருடைய பொறுமைக்கு நன்றி சொல்கிறான்? ஆப்பில் அன்றைக்கே புகார் போட்டேன். கூடவே ஒரு கடிதம். அதில்தான் என் தப்பு இருக்கிறது. ‘கம்பெனி சீல் பிரிக்கப்படாத பெட்டி, ஞாயிற்றுக்கிழமை, பங்குத்தந்தை உட்படப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் முதன்முறையாகத் திறக்கப்பட்டது, தெளிக்கப்பட்டது சில துளிகளே, மெஷின் பிறவியிலேயே பழுது’ என்று வக்கீல் கணக்காகத் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செலினக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “நீங்க சும்மா இருங்க அக்கா, நான் பாத்துக்கிறேன்” என்று அடக்கிவிட்டேன். சாயங்காலம் ஜீப் வந்ததும் காகிதத்தைப் பானட் மேல் வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஃபாதர் மட்டும் ‘சில துளிகள்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘நீர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் இழுத்தது. இதற்கிடையில் ஊரில் ஒரு மாற்றம். ஃபாதர் தெளிப்பதையே விட்டுவிட்டார். புது வீடு மந்திரிக்கப் போனால் விரல் நுனியில் ஒரு சொட்டு தொட்டு வாசல் நிலையில் வைத்துவிட்டு வருகிறார். புது பைக் வாங்கியவர்கள் காய்ந்த பைக்கோடு திரும்பிப் போகிறார்கள். அவர் சம்பளம் என்ன பெரிய சம்பளமா? அதிலிருந்து மாதம் இரண்டாயிரம் செலினக்காவுக்குத் தருகிறேன் என்று வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் அன்றைக்கு அழுதாளாம். அவளுடைய வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்து அண்ணன் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல நின்று, “சரி வாரேன்” என்று போய்விட்டார்.

பிறகு ஆப்பிலிருந்து தகவல் வந்தது. விற்றவர் கொடுத்த ஆதாரம் பலமாக இருக்கிறது. ஏழு நாளுக்குள் புதிய ஆதாரம் தராவிட்டால் புகார் முடித்து வைக்கப்படும். செலினக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். படிவத்தில் முதல் கேள்வி: பழுதை முதலில் கவனித்தது எப்போது?

“என்னா அக்கா போடட்டும்? ஞாயித்துக்கிழமைதான?”

அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, தேதியைச் சரிபார்ப்போம் என்று அவளுடைய போனை வாங்கி, கம்பெனியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆர்டர் ஆயிற்று, கிளம்பிவிட்டது, வந்துவிட்டது, உங்கள் புகார் பதிவாகிவிட்டது, புகார் எண் இது. எல்லாம் ஆங்கிலத்தில். புகார் பதிவான செய்தியில் தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சனிக்கிழமை, சாயங்காலம் ஏழு பன்னிரண்டு. தீர்த்தம் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு.

“அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் என்னா நடந்துச்சு?”

செலினக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் பாதி அழுகை, பாதி சிரிப்பு.

“பெட்டி வந்து எறங்குச்சுல்ல ஷீலா. மனசு கேக்கல. ஒரே ஒரு தடவ பாத்துட்டு மூடிரலாம்னு பிரிச்சேன். அவுக வேண்டாம் வேண்டாம்னாக, நாந்தேன் கேக்கல. சுவிச்சப் போட்டேன். டக்குனு நின்னுபோச்சு. மெஷின் மேல ஒரு நம்பர் இருந்துச்சா, அதுக்கு அடிச்சேன். ஒரு பொம்பளப் புள்ள இந்தியில என்னமோ பேசுச்சு, ரெண்ட அமுக்குனேன், பயந்துபோய் வச்சுட்டேன். அப்பறம் டேப்பு போட்டு பழையபடி ஒட்டிட்டேன்.”

“ஒட்டிட்டு?”

“சாமி மந்திரிச்சா சரியாயிரும்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்தொன்பது வருடம் காத்திருந்தவள் ஒரு ராத்திரி காத்திருக்க முடியாமல் போனதற்கு நான் என்ன கோபப்படுவது? நானாக இருந்தால் பெட்டி வந்த ஆட்டோவிலேயே பிரித்திருப்பேன்.

“அக்கா, கெட்டிக்காரி நீங்க. இந்த ஒரு மெசேஜ் போதும்” என்று குறுஞ்செய்தியைப் படம் பிடித்து அனுப்பினேன். தண்ணீர் படுவதற்கு முந்தின நாளே பழுதுப் புகார் கம்பெனியில் பதிவாகியிருக்கிறது. இனி என்ன பேசுவான்?

பேசினான். மூன்றாம் நாள் ஆப்பிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் சுபாஸ்ரீ, நல்ல தமிழ், அதைவிட நல்ல பொறுமை.

“மேடம், சனிக்கிழமை புகார் சிஸ்டத்தில் தவறுதலாகப் பதிவானது என்று விற்றவர் சொல்கிறார். அதற்கு உங்கள் கடிதத்தையே காட்டுகிறார். பெட்டி ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாகத் திறக்கப்பட்டது என்று பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். திறக்காத பெட்டியிலிருந்த மெஷினைப் பற்றிச் சனிக்கிழமை எப்படிப் புகார் செய்திருக்க முடியும்?”

என் கடிதத்தின் நகலை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். நான் தட்டியதேதான்.

“இப்ப என்னம்மா செய்யணும்?”

“எது உண்மை என்று அதே சாட்சிகள் எழுதித் தர வேண்டும். பெட்டி முன்பே திறக்கப்பட்டதற்கு வேறு அடையாளம் ஏதாவது இருந்தாலும் அனுப்புங்கள். நாளை மறுநாள் மாலை வரை நேரம் இருக்கிறது.”

ஆக, செலினக்கா மற்ற பத்துப் பேர் முன்னால், முருகம்மாள் முன்னால், ஃபாதர் முன்னால் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பணம் போச்சு, ஜீப்தான் கதி. இதைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“பணம் போனாப் போகட்டும் ஷீலா. முருகம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்?”

“முழங்கால நெனச்சுப் பாருங்க அக்கா.”

“சாமிக்குத் தெரிஞ்சா? மூணு வாரமா என்னாலதான மெஷின் கெட்டுச்சுன்னு சோறு தண்ணி எறங்காமத் திரியிறாக. நாந்தேன் வாயத் தொறக்காம இருந்தேன்.” சொல்லச் சொல்ல அவளுக்கே ஏதோ முடிவாகிவிட்டது போல. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். “சாமிய வரச் சொல்லு. சாயங்காலம் ஜீப்பு எறங்குறப்ப எல்லார்ட்டயும் சொல்லிர்றேன்.”

அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருக்கவில்லை. ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. பதினொன்றில் ஒன்று குறைய, பத்துப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். ஃபாதர் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். செலினக்கா அவர்கள் நடுவில் போய் நின்று, ஒரு மூச்சில், நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். பிரித்ததைச் சொன்னாள். ஒட்டியதைச் சொன்னாள். மந்திரித்தால் ஓடிவிடும் என்று நம்பியதையும் சொன்னாள். கடைசியில் ஃபாதரைப் பார்த்து, “சாமி, நீங்க கெடுக்கல. அது வரும்போதே செத்துத்தான் வந்துச்சு. நாந்தேன் பேசாம இருந்துட்டேன். என்னய மன்னிச்சுருங்க” என்றாள்.

ஃபாதர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “அப்ப நான் கெடுக்கலையா?”

“இல்ல சாமி.”

“நெசமாவா?” அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் டீயும் பருப்பு வடையும் என் கணக்கு என்று கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னார்.

ஆனால் நாங்கள் பயந்தது அவருக்கு இல்லையே. எல்லோரும் முருகம்மாளைப் பார்த்தோம். அவள் டீயை ஊதி ஊதிக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டி.”

செலினக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“பெட்டிய நாந்தான ஆட்டோவுலருந்து எறக்குனேன்? கம்பெனிக்காரன் மலையாளத்துல எழுதுன டேப்பு போட்டா அனுப்புவான்? நம்ம தோட்டத்து ஸ்டோர்ல ஏலக்கா பெட்டிக்கு ஒட்டுற டேப்பு. பச்சை எழுத்து. தெனமும் பாக்குறோம். அங்கன நின்ன அத்தன பேரும் பாத்தோம்.”

“பாத்துட்டு ஏன்டி சொல்லல?” என்றாள் செலினக்கா.

“என்னத்தச் சொல்ல?” முருகம்மாள் முதல்முறையாகக் கொஞ்சம் நெளிந்தாள். “போன வருசம் நான் பீரோ வாங்கல? வந்த அன்னைக்கே தொறந்து உள்ள இருந்த கண்ணாடியில பொட்டு வச்சுப் பாத்துட்டுத்தான் மூடி வச்சேன்.”

கேட்டுக்கொண்டிருந்த மாயக்காள் மெதுவாக, “நான் கிரைண்டர்ல ஒரு படி அரிசியே ஆட்டிப் பாத்தேன்” என்றாள். அன்னத்தாய் தன் மகனின் சைக்கிளை அவனே ஒரு ரவுண்டு ஓட்டிய பிறகுதான் பெட்டியில் மறுபடி வைத்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. பதினோரு பேர் போட்ட சட்டத்தைப் பதினோரு பேரும் மீறியிருக்கிறார்கள். இதில் ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் மீறினோம் என்று வருடக்கணக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எனக்குத்தான் எரிந்தது. “அப்பறம் எதுக்கு என் லெட்டர்ல சீல் பிரிக்காத பெட்டின்னு கையெழுத்துப் போட்டீக?”

“நீ படிச்சா காட்டுன?” என்று முருகம்மாள் திருப்பிக் கேட்டாள். “போடு போடுன்ன, போட்டோம். டவுனு பஸ் போயிருமேன்னு நாங்க தவிச்சுக்கிட்டு இருந்தோம்.”

அவள் சொன்னது சரிதான். அதைத்தான் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன்.

அஜய்குமார் போனை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு எடுத்த போட்டோ. கோயில் படியில் பெட்டி, சுற்றிலும் பதினோரு பெண்கள், பெட்டியின் நடுவில் குறுக்கே பச்சை மலையாள எழுத்து டேப். பெரிதாக்கிப் பார்த்தால் அதன் அடியில், வெட்டிப் பிரிந்த கம்பெனி டேப் விளிம்பும் தெரிந்தது. தீர்த்தத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால் எடுத்த படம். சுபாஸ்ரீ கேட்ட அடையாளம் அவன் போனில் ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

புதுக் கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தத் தடவை இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டினேன். முருகம்மாள் மூன்றாவது முறையும் வாசிக்கச் சொன்னாள், வேண்டுமென்றேதான். என் முதல் கடிதத்தில் தப்பு இருந்தது, அது வாங்கியவர் சொல்லாமல் நானாக எழுதியது என்று என் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தேன். கீழே ஃபாதர் தன் கையால் எழுதினார்: ‘ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர் தெளித்தது உண்மை. அதிகமாகத் தெளித்ததும் உண்மை. அதற்கு முந்தின நாளே இந்த மெஷின் ஓடவில்லை என்பதும் உண்மை.’

அனுப்பிய ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பணம் திரும்பி வந்தது. முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம், ஒரு ரூபாய் குறையாமல். சுபாஸ்ரீ போனில் கூப்பிட்டுச் சொன்னாள். “மேடம், உங்கள் ஃபாதர் எழுதிய மூன்று வரியை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம்” என்று சிரித்தாள். நான் பதிலுக்கு, மனசாரத்தான், தங்கள் பொறுமைக்கு நன்றி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை செலினக்காவும் நானும் தேனிக்கு பஸ் ஏறினோம். இந்தத் தடவை கடையிலேயே மெஷினை ஓட்டிப் பார்த்து வாங்குவது என்று முடிவு. அவள் ஒரு மணி நேரம் ஓட்டினாள். கடைக்காரருடைய கைக்குட்டையில் அவர் பேத்தியின் பெயரைத் தைத்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள். அவர் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மறுநாள் மறுபடி கோயில் முற்றம். சீட்டுச் சட்டத்தை முருகம்மாள் திருத்தியிருந்தாள்: முதலில் வீட்டில் பிரித்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். மெஷினுக்கு மேல் அஜய்குமார் ஜீப்பின் மழைத் தார்ப்பாயைப் போர்த்தினான். ஃபாதர் இரண்டு மாத ஏக்கத்தையெல்லாம் சேர்த்து வேப்பங்கொத்தை வீசினார். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்ற சி.எஸ்.ஐ. காரியான நான் தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். செலினக்கா கேலி செய்யவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. முருகம்மாள் ஒரு சின்னப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். பிரித்தால், பச்சை எழுத்து டேப் ஒரு உருளை. “அடுத்த தடவையாச்சும் நேரா ஒட்டு” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். செலினக்கா வீடு எங்கள் தெருக் கோடிதான். பழக்க தோஷத்தில் அஜய்குமார் அவள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி ஹார்ன் அடித்தான். பத்தொன்பது வருடப் பழக்கம் அவளுக்கும்தானே. தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக ஓடி வந்து ஜீப் கம்பியைப் பிடித்துவிட்டாள். ஒரு காலைத் தூக்கி வைக்கப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளே பத்துப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏறு ஏறு, எடம் இருக்கு” என்றாள் முருகம்மாள்.

செலினக்கா கம்பியை விட்டாள். தூக்குவாளியை அப்படியே முருகம்மாள் மடியில் வைத்தாள். “பருப்புக் கொழம்பு. எல்லாரும் சாப்புடுங்க” என்றாள். ஜீப் கிளம்பி லோயர் கேம்ப் ரோட்டில் திரும்பும்வரை நின்று கையாட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடிக்காமல், நேராக வீட்டுக்குள் போனாள். நான் வாசல் தெளித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.